பூங்கோதை படித்த எண்கள்

நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகிற சாலையில், லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகள் முடிந்து கோழிப்பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் நாச்சிமுத்துவின் முட்டை குடோன் இருந்தது. அந்தக் குடோனில் ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கீறல் விட்ட முட்டை ஒன்று, வாய்விட்டுப் படிக்கப்பட்ட எண்களைக் கேட்டுத் தன் கீறலை மூடிக்கொண்டது. அது மூடிக்கொண்டபோது முட்டை ரேணுகாதேவியின் உள்ளங்கையில் இருந்தது. எண்களைப் படித்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, பூங்கோதை. இது மாறி அமைந்திருந்தால், அதாவது முட்டை பூங்கோதையின் கையிலும் எண்கள் ரேணுகாவின் வாயிலும் இருந்திருந்தால், இந்தக் கதையில் சொல்வதற்கு அதிகம் இருந்திருக்காது.

ரேணுகாதேவி எம்.இ. படித்தவள், கோயம்புத்தூரில் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் கணினிக்குக் கண் பழக்குகிற வேலையில் இருந்தவள், கணவன் சிவராசுவின் லாரி பெயின்ட் பட்டறை நாமக்கல்லில் இருந்ததால் கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல்லோடு இருந்துவிட்டவள். ஒரு நாளைக்கு அறுபதாயிரம் முட்டையை விளக்கில் காட்டிக் காட்டி என் ஆட்களுக்குக் கண் பூத்துப் போகிறது, கேமராவைக் கொண்டு கீறல் பார்க்க ஏதாவது செய்ய முடியுமா அம்மிணி என்று நாச்சிமுத்து அவள் வீட்டுக்கே வந்து கேட்டபோது, மூன்று வருஷமாக யாரும் தன்னைக் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்ட மனிதரை அவள் கண் இமைக்காமல் பார்த்தாள். எட்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். முட்டைகள் ரோலர் மேல் உருண்டு வரும், அடியில் விளக்கு எரியும், மேலே இருந்து கேமரா படம் எடுக்கும். படம் என்பது கணினிக்கு வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். கும்மிருட்டு என்றால் பூஜ்யம், முழு வெளுப்பு என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து, மற்றதெல்லாம் இரண்டுக்கும் நடுவில். ரேணுகாவின் புரோகிராம் முதலில் முட்டையின் விளிம்பைக் கண்டுபிடிக்கும். பிறகு தட்டின் ஓரத்தில் எறும்பு நடப்பதுபோல அந்த விளிம்பிலேயே ஒரு சுற்று நடந்து, கால் வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் என்ன எண் இருக்கிறது என்று படித்துக்கொண்டே போகும். நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று, நூற்று முப்பத்தொன்பது என்று அமைதியாகப் போகிற வரிசை எங்காவது திடீரென்று இருநூற்றுப் பத்துக்குத் தாவினால் அங்கே வெளிச்சம் கசிகிறது, கீறல் இருக்கிறது என்று அர்த்தம். முட்டை உருண்டுகொண்டே வருவதால் எந்தக் கீறலும் ஒரு தடவையாவது விளிம்புக்கு வந்துதான் தீரும். இதை அவள் தானாக யோசித்துக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த நாளில் சொல்லிச் சந்தோஷப்பட ஆள் இல்லாமல் குடோன் வாசலில் டீக்கடை வைத்திருந்த ராஜாமணியிடம் சொன்னாள். ராஜாமணியும் அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

பூங்கோதை எட்டாவது வரைக்கும் படித்தவள். எருமப்பட்டிப் பக்கத்தில் இருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை அக்கா என்று அவள் சொன்னதைக் கேட்டு, குடோனில் முட்டை அடுக்குகிற வேலையை வாங்கிக் கொடுத்தவளே ரேணுகாதான். முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கும்போது பூங்கோதை வாய்விட்டு எண்ணுவாள். அந்த எண்ணிக்கையில் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் இருக்கும். பக்கத்தில் அடுக்குகிற பெண்கள் தங்கள் எண்ணிக்கையை மறந்துவிட்டு அவளுடையதை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மெஷின் தள்ளிவிட்ட முட்டைகளில் உண்மையிலேயே கீறல் இருக்கிறதா என்று சரிபார்க்க ரேணுகா உட்கார்ந்தாள். கையில் முட்டையை வைத்துக்கொண்டு திரையையும் பார்க்க முடியாததால் பூங்கோதையைக் கூப்பிட்டு, திரையில் வருகிற எண்களை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொன்னாள். பூங்கோதை தன் எண்ணுகிற ராகத்திலேயே படித்தாள். எண் தாவுகிற இடம் வந்தபோது, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவள் காலை மெதுவாக வைப்பதுபோல, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி அந்த இருநூற்றுப் பத்தைத் தாண்டிப் போனாள். ரேணுகாவின் உள்ளங்கையில் கீறல் இரண்டு பக்கத்தில் இருந்தும் சுருங்கி வந்து நடுவில் சேர்ந்து இல்லாமல் போனது. திரையில் இருநூற்றுப் பத்து நூற்று நாற்பதாக இறங்கி மற்ற எண்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது முட்டையும் மூடியது. மூன்றாவதும் மூடியது. பதினான்காவது முட்டையில் ரேணுகா, நீ பிடி, நான் படிக்கிறேன் என்றாள். அதே திரை, அதே எண்கள். அவள் ஒன்றுவிடாமல் படித்தாள், திருத்தமாகப் படித்தாள். முட்டையில் கீறல் அப்படியே இருந்தது. பிறகு பூங்கோதை படித்தாள், மூடியது. அப்போது ரேணுகாவின் நெஞ்சுக்குழியில் ஊசி முனை அளவுக்கு ஏதோ சுட்டது. அவள் அதைக் காலையில் சாப்பிட்ட பூரியின் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து வந்து பார்த்தார். மூடின முட்டை கேரளா போய்ச் சேருகிற வரைக்கும் தாங்குமா என்று மட்டும் கேட்டார். தாங்கியது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் குடோன் பெண்கள் கேட்டார்கள்: கீறல் முட்டையெல்லாம் இதுவரைக்கும் அவர்கள் வீட்டுக்கல்லவா போய்க்கொண்டிருந்தது, அவர்கள் பிள்ளைகள் சாயங்காலம் ஆம்லெட் சாப்பிட்டது அதில்தானே, இப்போது எல்லாம் மூடிக்கொண்டால் பிள்ளைகள் என்ன சாப்பிடும். பரமத்தி ரோட்டு பேக்கரிக்காரரும் வந்தார். கேக்குக்குக் கீறல் முட்டைதான் தனக்குக் கட்டுப்படியாகும் என்றார். எல்லாரும் உட்கார்ந்து பேசி, தினம் பத்து அட்டை கீறல் முட்டையைப் பூங்கோதை படிக்காமல் விட்டுவிடுவது என்று முடிவானது. அப்படி அந்த அதிசயம் குடோனின் வேலை நேரத்துக்குள் அடங்கி உட்கார்ந்துகொண்டது.

பிறகு ஊர் வந்தது. முதலில் ராஜாமணி விரிசல் விட்ட டீ கிளாஸைக் கொண்டுவந்தாள். கிளாஸை விளக்கின் மேல் வைத்து, கேமரா அதன் விளிம்பைக் கண்டுபிடித்து, எண்கள் ஓட, பூங்கோதை படிக்க, கிளாஸ் மூடிக்கொண்டது. அடுத்து மூக்குக்கண்ணாடி வந்தது, அம்மிக்குழவி வந்தது, கோயில் மண்குதிரையின் உடைந்த காது வந்தது, கேமராவுக்குள் அடங்காத லாரிக் கண்ணாடி போனில் எடுத்த படமாக வந்தது. படத்தில் மூடினது வண்டியிலும் மூடியிருந்தது. மண்சுவர் மூடியது, சிமெண்டுத் தொட்டி மூடியது. துணி மட்டும் மூடவில்லை, துணிக்குத் தையல்காரர் இருக்கிறாரே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை பத்து மணி வரைக்கும் முட்டைக்கு, பத்தில் இருந்து நான்கு வரைக்கும் ஊருக்கு என்று நேரம் பிரித்து, டோக்கன் போட்டு, வரிசையில் நிற்பவர்களுக்கு நாச்சிமுத்து தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எண் படிக்கிற இடம் எங்கே என்று கேட்டால், எந்த டவுன் பஸ் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள் என்கிற நிலைமை ஆனியிலேயே வந்துவிட்டது.

வருகிற ஒவ்வொருவரிடமும் பூங்கோதை, தன்னிடம் ஒன்றும் இல்லை, எல்லாம் எங்க அக்கா எழுதினது, நான் சும்மா படிக்கிறேன் என்று சொன்னாள். அவள் அதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். அதைக் கேட்கிறவர்கள் ரேணுகாவின் பக்கம் திரும்பி, சுவரில் தொங்குகிற கடிகாரத்தைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி பூங்கோதையிடம் திரும்பிக்கொண்டார்கள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ரேணுகாவுக்குத் தாங்கியிருக்கும். சொன்னதுதான் தாங்கவில்லை.

வீட்டில் மாமியார் முதல் தோசையைப் பூங்கோதைக்குப் போட்டார். தொண்டை காய்ந்துவிடும் என்று பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தார். சிவராசு, இத்தனைக்கும் காரணம் நீ எழுதினதுதானே ரேணுகா, உனக்குப் பெருமைதானே என்றான். சமாதானமாகத்தான் சொன்னான், ரேணுகா பாதித் தோசையோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பத்திரிகையில் இருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். மறுநாள் வந்த படத்தில் பூங்கோதை திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், பந்தலில் கூட்டம் நின்றது, படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அது தன் முழங்கை என்று ரேணுகாவுக்கு மட்டும் தெரிந்தது. அந்த முழங்கையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முயலாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடோனில் யாரும் இல்லாதபோது, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கீறல் முட்டையை விளக்கில் வைத்துப் படித்தாள். தன் குரலில் படித்தாள். பூங்கோதையின் ராகத்தில் படித்தாள். எண் தாவுகிற இடத்தில் அவளைப் போலவே குரலைத் தாழ்த்திப் பார்த்தாள். முட்டையைக் கையில் எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் படித்தாள். நாற்பது தடவை படித்த பிறகு கை தானாக இறுகி, முட்டை நொறுங்கி, மஞ்சள் கரு விரல் இடுக்கு வழியாக விசைப்பலகை மேல் வழிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் இருந்து அதைத் துடைத்து எடுக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. துடைக்கிற அந்த ஒரு மணி நேரமும் அவள் பூங்கோதையையே நினைத்துக்கொண்டிருந்தாள்: எட்டாவது படித்தவள், நூற்று எண்பத்தேழை நூத்தியம்பத்தேழு மாதிரி சொல்கிறவள், பூஜ்யத்துக்கும் இருநூற்று ஐம்பத்தைந்துக்கும் என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் கேட்காதவள், அந்த எண்களுக்கு இவளிடம் அப்படி என்ன பிரியம், பெற்றவளைப் பார்க்காமல் இவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ள.

ஆடி பிறந்து முதல் புதன்கிழமை, எல்லாரும் ராஜாமணியின் கடைக்குப் போயிருந்த பத்து நிமிஷத்தில், ரேணுகா அதைச் செய்தாள். அது பெரிய வேலை இல்லை. படத்தில் ஒரு புள்ளியைச் சொல்ல இரண்டு கணக்கு வேண்டும், குறுக்கே எத்தனையாவது, கீழே எத்தனையாவது என்று. விளிம்பைக் கண்டுபிடிக்கிற பகுதி குறுக்கை முதலில் சொல்லும். புள்ளியின் எண்ணை எடுத்துக் கொடுக்கிற பகுதி கீழ்க்கணக்கை முதலில் கேட்கும். இரண்டுக்கும் நடுவில், வாங்கிய இரண்டையும் இடம் மாற்றிக் கொடுக்கிற ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் எடுத்துவிட்டாள். இடம் மாறின கணக்கு படத்துக்கு வெளியே போய்ப் புரோகிராம் நின்றுவிடாமல் இருக்க, படத்தை நான்கு பக்கமும் சமமாக வெட்டிக்கொள்ளும்படி செய்தாள். முட்டையைத் தரம் பிரிக்கிற பகுதியைத் தொடவில்லை. பூங்கோதையின் திரைக்குப் போகிற எண்களை மட்டும் மாற்றினாள். இனி திரையில் வருவதெல்லாம் எண்கள்தான், ஆனால் பொருளின் விளிம்பில் இருக்கிற எண்கள் இல்லை. பொருள் எங்கே இல்லையோ அங்கே இருக்கிற எண்கள். பார்க்கிறவளுக்கு வித்தியாசம் தெரியாது.

அன்று பத்தரை மணிக்கு வந்த சட்டி மூடவில்லை. பூங்கோதை தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தாள். மூடவில்லை. அடுத்த பொருளும் மூடவில்லை, அதற்கடுத்ததும். ரேணுகா தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்து நிழலில் நின்ற மாதிரி உடம்பெல்லாம் குளிர்ந்தது. தனக்கு அப்படிக் குளிரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் மோர் ஊற்றி இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டாள்.

கூட்டம் முதலில் பொறுமையாக இருந்தது. இன்றைக்குச் சரியில்லை போல, நாளைக்கு வரலாம் என்றது. வியாழக்கிழமை மறுபடி வந்தது. பூங்கோதை காலையில் இருந்து படித்தாள், ஒவ்வொரு பொருளையும் நான்கு தடவை ஐந்து தடவை படித்தாள், சாப்பிடப் போகாமல் படித்தாள், குரல் கம்மிப் போய், பிறகு கரகரத்துப் போய், பிறகு காற்று மாதிரி ஆகிவிட்டது. வரிசையில் நின்ற ஒருத்தி, தீட்டோடு உட்கார்ந்திருப்பாள் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். இன்னொருவர், பேர் வந்ததும் கர்வம் வந்திருக்கும் என்றார். எல்லாமே பூங்கோதையின் காதில் விழுந்தது. அவள் ரேணுகாவின் பக்கம் திரும்பி, உடம்பு எதுவும் செய்யலை அக்கா, நல்லாத்தான் இருக்கறேன், என்ன தப்புப் பண்ணறேன்னு தெரியலை, நீங்க பார்த்துச் சொல்லுங்க என்று கேட்டாள். ரேணுகா, நீ பதட்டப்படுகிறாய், நிதானமாகப் படி என்று சொன்னாள். சொன்னபோது அவளுக்கே தன் குரல் டாக்டர் குரல் மாதிரி கேட்டது.

அன்று மதியம் இருநூற்றுப் பதினான்காம் டோக்கன் செங்கோடன் வந்தார். லாரி டிரைவர். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்றாவது தடவையாக உடைந்திருந்தது. இனி சேர ஒரு வருஷம் ஆகலாம், சேராமலும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆடி முடிகிற வரைக்கும்தான் வண்டியை வேறு ஆளிடம் கொடுக்காமல் வைத்திருப்பேன் என்று லாரி முதலாளி சொல்லியிருந்தார். இருபது வருஷம் வண்டியிலேயே தூங்கி வண்டியிலேயே சாப்பிட்டவருக்கு அந்த வண்டி கைமாறுவது என்ன என்று அவர் யாரிடமும் விளக்கவில்லை. அவர் மனைவியும் மகளும் இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கையில் எக்ஸ்ரே இருந்தது. முட்டைக்குப் போட்ட விளக்கு எக்ஸ்ரேவுக்கென்றே போட்ட மாதிரி பொருந்தியது. எலும்பு வெளுப்பாக எழுந்து நின்றது, நடுவில் கறுப்பாக ஒரு கோடு. பூங்கோதை, ரெண்டு நாளா எதுவும் மூடலைங்க, உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டம் இல்லைங்க என்றாள். செங்கோடன், நீ படி கண்ணு, மூடாட்டி நான் பாட்டுக்குப் போறேன் என்றார்.

அவள் படித்தாள். ரேணுகாவுக்குத் தெரியும், திரையில் ஓடுகிற எண்கள் எலும்பின் எண்கள் இல்லை, எக்ஸ்ரேயின் மூலையில் இருக்கிற வெறும் கறுப்பு: பன்னிரண்டு, பதினொன்று, பன்னிரண்டு, பத்து. அந்தக் கறுப்பைப் பூங்கோதை அவ்வளவு அக்கறையாக, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலப் படித்தாள். மூன்று தடவை படித்தாள். கோடு அப்படியே இருந்தது. பூங்கோதை எழுந்து முகம் கழுவப் பின்னால் போனாள். குழாய் நின்ற பிறகும் வெகுநேரம் வரவில்லை. அந்த நேரத்தில் ரேணுகா எழுந்து, கணினி முன்னால் போய், எடுத்த வரியைத் திரும்ப எழுதினாள். ஏன் எழுதினாள் என்று அவளைக் கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. செங்கோடனின் மகள் அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வீக்கத்தின் மேல் வாயால் ஊதிக்கொண்டிருந்தாள், அதை ரேணுகா பார்த்தாள், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் செய்தது யாருக்கும் தெரியாமலே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

பூங்கோதை வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாள். இப்போது திரையில் ஓடியது எலும்பின் எண்கள், நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று எண்பத்தெட்டு. பூங்கோதை படித்தாள். கோடு அப்படியே இருந்தது.

ரேணுகா எழுந்து நின்று திரையைப் பார்த்தாள். எண்கள் சரி. வரி சரி. பிறகு காது கொடுத்துக் கேட்டாள். பூங்கோதை ஒவ்வொரு எண்ணையும் கேள்வியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நூற்றுத் தொண்ணூறா? நூற்றுத் தொண்ணூற்றிரண்டா? இரண்டு நாளில் அவள் குரலுக்குள் கீறல் விட்டிருந்தது. அதைச் சரிசெய்ய எந்த வரியையும் எங்கேயும் எழுத முடியாது. இனி அவள் படித்து எதுவும் மூடப் போவதில்லை, இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. நேற்று இதைத்தானே கேட்டோம் என்று ரேணுகா நினைத்தாள். இப்போது கிடைத்திருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"நிறுத்து பூங்கோதை," என்றாள்.

பூங்கோதை நிறுத்தினாள். பந்தலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நேத்துல இருந்து உன் முன்னால ஓடுனது அந்தந்தப் பொருளோட எண்ணே இல்ல. வேற எங்கேயோ இருக்கற புள்ளி. நான்தான் மாத்தி வச்சேன். இப்ப நீ முகம் கழுவப் போனப்பத்தான் சரி பண்ணினேன். உன் குரல்ல எந்தக் குறையும் இல்ல."

"தெரிஞ்சேவா பண்ணுனீங்க?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்குங்கக்கா?"

ரேணுகாவிடம் அதற்கு நிறையப் பதில் இருந்தது. எம்.இ. இருந்தது, எட்டு மாதம் இருந்தது, முதல் தோசை இருந்தது, பத்திரிகைப் படத்தில் ஒரு முழங்கை இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது.

"நான் படிச்சா மூடல," என்றாள்.

ஊர் இரண்டு மாதத்துக்கு முன்னால் முட்டை மூடிக்கொண்டதை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படியே இதையும் எடுத்துக்கொண்டது. வரிசையில் இருந்த ஒருவர் மட்டும், நேற்றைய டோக்கனும் இன்றைய டோக்கனும் செல்லுமா, இல்லை புதிதாகப் போடவேண்டுமா என்று கேட்டார். செல்லும் என்று நாச்சிமுத்து சொன்னார். ராஜாமணி எப்போதும் போல ரேணுகாவுக்கு ஒரு டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் ரேணுகாவால் நின்றிருக்க முடியும். டீயைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

பூங்கோதை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு அட்டை முட்டை அடுக்குகிற நேரம். பிறகு சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், திரையின் பக்கம் திரும்பினாள், முதல் எண்ணில் இருந்து படித்தாள். குரல் கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கேள்வி இல்லை. கோபம் இருந்ததா என்றால் இருந்தது. அந்தக் கோபத்திலும் ஏற்றம் ஏற்றத்தின் இடத்திலும் இறக்கம் இறக்கத்தின் இடத்திலும் இருந்தன. விளிம்பில் ஒரு சுற்று போய், உடைந்த இடத்தைத் தாழ்ந்த குரலில் தாண்டி, மறுபக்கம் ஏறி, தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்ந்தாள். கறுப்புக் கோடு வெளுத்தது. செங்கோடன் பெஞ்சில் இருந்து காலைக் கீழே ஊன்றி, மகளின் தோளை விட்டு, பந்தலின் இந்தக் கம்பத்தில் இருந்து அந்தக் கம்பம் வரைக்கும் நடந்து போய், திரும்பி நடந்து வந்து, வரேனுங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மோகனூர் ரோட்டில் வந்த பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்து ஏறிப் போனார்.

"அடுத்த டோக்கன் யாருங்க மேடம்?" என்று பூங்கோதை கேட்டாள்.

ரேணுகாவை அவள் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குடோனில் மற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டிலும் அன்றைக்குச் சாயங்காலத்தில் இருந்து அதுவே ஆனது: மேடம், சாம்பாருக்குப் புளி கரைச்சுட்டேன், மேடம், உங்க துணி காஞ்சிருச்சு. நடந்தது எதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. மாமியார் அதை விளையாட்டு என்று நினைத்து, இரண்டு மருமகளும் ஆபீஸ் நடத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். ரேணுகாவுக்கு ஒவ்வொரு மேடமும் ஒவ்வொரு அறையாக விழுந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை சமையலறை வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் பூங்கோதை விலகி வழி விட்டாள், என்ன எடுக்கணும் மேடம் என்று கேட்டாள். ரேணுகா எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, டோக்கன் எல்லாம் முடிந்து பந்தல் காலியான பிறகு, பூங்கோதை ஒரு நாற்காலியை இழுத்துவந்து ரேணுகாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நீங்க எழுதினதைக் காட்டுங்க, எந்த வரி என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க என்றாள். கற்றுக்கொள்கிற ஆசையில் கேட்கிறாள் என்று ரேணுகா ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்படி இல்லை. இனிமேல் தன் முன்னால் ஓடுகிற எண் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு எண்ணையும் படிப்பதில்லை என்று பூங்கோதை முடிவு செய்திருந்தாள். அதை ஒளிக்கவும் இல்லை.

ஒன்பது நாள் சாயங்காலம் அப்படி உட்கார்ந்தார்கள். முதல் நாள் அந்த ஒரு வரியைக் காட்டச் சொன்னாள். ரேணுகா விரல் வைத்துக் காட்டினாள். குறுக்கு, கீழ் என்று பூங்கோதை ஒரு முட்டை அட்டையை வைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஐந்தாவது குழி, ஐந்தாவது வரிசையில் மூன்றாவது குழி என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இவ்வளவுதானா என்றாள். மறுநாள் வெளிச்சம் எப்படி எண் ஆகிறது என்று கேட்டாள். அதற்கடுத்த நாள் விளிம்பு எது, விளிம்பு இல்லாதது எது என்று கணினி எப்படி முடிவு செய்கிறது என்று கேட்டாள். தெரியாத இங்கிலீஷ் சொல்லை எல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டவில்லை. கோயம்புத்தூரில் ரேணுகாவோடு வேலை செய்த ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் எழுதின எட்டு மாதத்தை வரிவரியாக யாரோ ஒருவர் முழுசாகப் படிப்பது இதுதான் முதல் தடவை; அது அவளை வெறுக்கிற ஒருத்தி என்பது மட்டும்தான் குறை.

ஒன்பதாம் நாள் பூங்கோதை ஒரு முட்டையின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மூடி வைத்தாள்.

"மேடம், இது சரியா ஓரத்துல நடக்குதுங்க. ஓரத்துல பாதிப் புள்ளி முட்டை, பாதிப் புள்ளி வெளிய இருக்கற வெளிச்சம். ரெண்டும் கலந்துதான் எண் வருது. அதனாலதான் கீறல் இல்லாத முட்டையும் சிலது தள்ளிப் போகுது. ஒரு புள்ளி உள்ள தள்ளி நடக்க விட்டா என்னங்க?"

ரேணுகா திரையைப் பார்த்தாள். எட்டு மாதமும் அதன் பிறகு ஒரு வருஷமும், இந்தக் குடோனில் உட்கார்ந்து, தள்ளிவிடப்பட்ட நல்ல முட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்து, விளக்கை மாற்றி, கேமராவை மாற்றி, ரோலரின் வேகத்தை மாற்றி, அவள் கண்ணில் படாமல் இருந்த விஷயம் அது. சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு எளிதாக இருந்தது. நெஞ்சுக்குழியில் அந்தச் சூடு மறுபடி கிளம்பி, தொண்டைக்கு ஏறி, காது மடல் வரைக்கும் பரவியது; முன்பு எரிந்ததை விட இப்போது அதிகமாக எரிந்தது, ஏனென்றால் குரல் யாரோ கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம், இது பூங்கோதை தானாக யோசித்தது. இந்த எரிச்சல் தன்னை விட்டுப் போகாது, இவள் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் இருக்கும், கூடவே வைத்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும் என்று ரேணுகாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சரிதான்," என்றாள். "நீ சொல்றதுதான் சரி."

விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு, விளிம்பை ஒரு புள்ளி உள்ளே நகர்த்துகிற வரியை அவள் அடித்தாள். பூங்கோதை குனிந்து, விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, குறுக்கு எது, கீழ் எது என்று உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஓட விடுங்க," என்றாள்.